நிமிர்ந்தால் வலி, குனிந்தால் சுகம்



நம் பள்ளிவாசல்களில் நாற்காலிகள் பெருகிவிட்டன. ஒரு காலத்தில் ஒன்றோ இரண்டோ கிடந்த இடத்தில் இன்று ஒரு வரிசையே போடப்பட்டிருக்கிறது. அவற்றில் அமர்ந்து தொழும் பெரியவர்களைச் சற்றே கூர்ந்து கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக நாற்காலியை நாடியவர்கள் அல்லர். ஒரு சாராருக்கு முழங்கால் மடங்குவதில்லை. அவர்களால் நிற்க முடியும். ருகூஉச் செய்ய முடியும். ஸுஜூதுக்குப் போவதுதான் இயலாது. மற்றொரு சாராரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்கு நிற்பதே வேதனை. இமாம் சற்று நீண்ட அத்தியாயத்தை ஓதத் தொடங்கினால், இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை ஒரு வலி இறங்கும், கால் கனக்கும், மரத்துப் போகும். ருகூஉவுக்குக் குனிந்தவுடன் அந்த வலி தளரும். நிமிர்ந்தால் மீண்டும் வந்துவிடும்.

இந்த இரண்டாம் சாராரைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

"வயது ஆகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று அவர்களும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். முதுமை ஒன்றைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் இறைவன் மருந்தை அருளியிருக்கிறான் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு, முதியவர் படும் ஒவ்வொரு வேதனையையும் முதுமையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். முதுமை வேறு; முதுமையில் வரும் நோய் வேறு. தோல் சுருங்குவதும் முடி நரைப்பதும் முதுமை. எலும்புகளுக்கிடையே நரம்பு நசுங்குவது நோய். அதற்கு வைத்தியம் உண்டு.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் வரலாறு பயின்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன். என் உம்மாவுக்கு இந்நோய் வந்தபோது மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்த நூல்களையும் ஆய்வுகளையும் படித்தும் அறிந்துகொண்டவற்றை, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

மலையூர் தந்த அடையாளம்

எங்கள் ஊராகிய சிதறால், மார்த்தாண்டத்துக்கு அருகே, மேடும் பள்ளமுமாக ரப்பர் தோட்டங்களுக்கிடையே அமைந்தது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் உள்ள திருச்சாரணத்து மலையைக் காண வெளியூரார் வந்தவண்ணம் இருப்பார்கள். மலையுச்சிக்குக் கல் பாவிய பாதை உண்டு. மேடேறி இறங்காமல் எங்கள் ஊரில் ஒரு வேலையும் நடவாது. ஆகவே, கால் வலி என்று ஒருவர் சொன்னால், "ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போது வலிக்கிறதா?" என்று கேட்பது எங்களுக்கு இயல்பு.

இந்தக் கேள்விக்குள் ஒரு மருத்துவ உண்மை அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மேடேறும்போது நாம் இயல்பாகவே முன்னால் சாய்கிறோம். இறங்கும்போது விழாமல் இருப்பதற்காக உடலைப் பின்னால் சாய்த்து முதுகை நிமிர்த்துகிறோம். முதுகெலும்பினுள் நரம்பு நசுங்கியவருக்கு ஏற்றம் ஓரளவு எளிது; இறக்கமே கடினம். அதே மனிதர் சைக்கிளின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அதைத் தள்ளியபடி நெடுந்தூரம் போய்விடுவார். வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தாலோ நூறு அடியில் உட்கார இடம் தேடுவார்.

என் உம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. வீட்டுக்குக் கீழே, சரிவில் முந்நூறு அடி தள்ளி அவர்களுடைய மூத்த சகோதரியின் வீடு இருக்கிறது. எண்பது வயதைக் கடந்த அந்தப் பெரியவரைப் பார்க்க உம்மா நாள்தோறும் அஸருக்குப் பின் இறங்கிப் போவார்கள். அது வாரம் இருமுறையாயிற்று; பின்பு பெருநாளுக்கு மட்டும் என்றாயிற்று; கடைசியில் தொலைபேசியோடு நின்றுபோயிற்று. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருந்துகொண்டு இரு முதிய சகோதரிகள் தொலைபேசியில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். உம்மா தம் வலியைப் பற்றி ஒருநாளும் முறையிடவில்லை. கல்யாண வீட்டுக்கு அழைத்தால், "நீங்கள் போய் வாருங்கள், எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது" என்பார்கள். நம் வீட்டுப் பெண்மக்கள் நோயைச் சொல்லும் முறை இதுதான். வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை. போகும் இடங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

முழங்கால் தேய்மானம் என்று இரண்டாண்டுகள் மாத்திரையும் தைலமுமாகக் கழிந்தன. பின்னர் ஒரு மருத்துவர், "உட்கார்ந்தால் வலி போய்விடுகிறதா? எத்தனை நிமிடத்தில்?" என்று கேட்டார். உட்கார்ந்த சில நிமிடங்களில் போய்விடும் என்றார்கள் உம்மா. அந்த ஒரு பதிலிலிருந்தே நோயின் தடம் பிடிபட்டது.

நசுங்குவது எது? நசுக்குவது எது?

நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பின்புறம் நெடுகிலும் ஒரு குழாய்போன்ற வழி இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, குதிரையின் வாலைப்போல் பிரிந்த நரம்புக்கற்றை அந்தக் குழாயினுள் தொங்குகிறது. ஒவ்வொரு எலும்புக்கும் இடையிலுள்ள பக்கவாட்டுத் துளை வழியாக ஒவ்வோர் இணை நரம்பு வெளியேறிக் கால்களுக்குச் செல்கிறது. கோளாறு இடுப்பில் இருக்க வலி காலில் தெரிவதன் காரணம் இதுவே.

எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது இடைவட்டு. 'டிஸ்க்' என்று நாம் வழங்குவது இதைத்தான். வளர்ந்த மனிதரின் இடைவட்டினுள் ஏறக்குறைய இரத்தக்குழாயே கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளின் தகட்டு வழியே கசிந்து வரும் சத்தைக் கொண்டே அது உயிர்வாழ்கிறது. இந்தச் சத்து எவ்வாறு ஊடுருவுகிறது, அந்தத் தகடு பழுதுபட்டால் என்ன ஆகிறது என்பதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களின் மூலம் ஆராய்ந்து காட்டியவர்கள் நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவர் குழுவினரும் ஆவர். 2004-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பன்னாட்டு இடுப்புமுதுகு ஆய்வுக் கழகத்தின் பரிசு கிடைத்தது.

வயது ஏற ஏற இடைவட்டு நீர் வற்றித் தட்டையாகிப் பின்புறம் பிதுங்குகிறது. எலும்புகளை இணைக்கும் சிறு மூட்டுகள் தடித்துப் புடைக்கின்றன. குழாயின் பின்சுவரில் இருக்கும் மஞ்சள் நிற நாண் தடித்து உள்நோக்கி மடிகிறது. முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் சுவர்கள் நெருங்கி வர, நடுவில் உள்ள நரம்புகள் நெரிசலில் சிக்குகின்றன. நிமிர்ந்தால் அந்த நாண் இன்னும் மடிந்து வழி குறுகும். குனிந்தால் அது நீண்டு வழி சற்றே அகலும். ருகூஉவில் கிடைக்கும் சுகத்தின் இரகசியம் இதுதான். இந்த நோயைத் தெளிவாக விளக்கி 1954-இல் கட்டுரை வெளியிட்டவர் ஹாலந்து நாட்டின் நரம்பு அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட்.

எல்லாக் கால் வலியும் இதுவன்று என்பதையும் நினைவில் வையுங்கள். காலின் இரத்தக்குழாய் அடைபட்டாலும் நடக்கும்போது வலி வரும். ஆனால், அது குனியாமல் வெறுமனே நின்றாலே தணிந்துவிடும். நீரிழிவுக்காரருக்குப் பாதங்கள் இரண்டும் எரியும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் எரிச்சல் போகாது. இடுப்புமூட்டுத் தேய்ந்தவருக்குத் தொடையிடுக்கில் வலிக்கும். காலைச் சுழற்றினால் கூடும். நல்ல மருத்துவர் பாத நாடியைத் தொட்டுப் பார்ப்பதும், காலைச் சுழற்றிப் பார்ப்பதும் இவற்றைப் பிரித்தறியவே.

சிறு துளையின் கதை

முதுகு அறுவை என்றதும் நம் உள்ளத்தில் எழும் காட்சி எது? நீண்ட வெட்டு, முழு மயக்கம், மாதக்கணக்கில் படுக்கை. பிதுங்கிய இடைவட்டே கால் வலிக்குக் காரணம் என்பதையும், அதை அகற்றினால் வலி நீங்கும் என்பதையும் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் எழுதி உலகறியச் செய்தார்கள். அன்றைய முறையில் முதுகுத் தசைகளை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்கினால்தான் நரம்பைக் காண முடியும். நோயைத் தந்த கட்டி சிறிது. அதை அடையும் வழியோ பெரிது. வயதானவரின் உடலைத் தளர்த்தியதும் அந்த வழிதான்.

ஆகவே, வழியைச் சிறிதாக்க வேண்டும் என்ற முயற்சி தொடர்ந்தது. 1975-இல் ஜப்பானிய மருத்துவர் ஹிஜிகாட்டா, தோலின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இடைவட்டின் பகுதியை அகற்றும் முறையை அறிவித்தார். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பணியாற்றிய பர்விஸ் காம்பின், நரம்பைத் தீண்டாமல் குழாய் நுழையத்தக்க முக்கோண வடிவமான ஒரு பாதுகாப்பு இடைவெளியை வரையறுத்தார். இன்றும் அது 'காம்பின் முக்கோணம்' என்றே வழங்குகிறது. 1990-களில் இதே நாட்டின் அந்தோணி யூங் முதலானோர், அந்தக் குழாயினுள்ளேயே ஒளியும் லென்சும் நீரோட்டமும் அமைந்த அகநோக்கிக் கருவியைச் செப்பனிட்டனர். எண்டாஸ்கோப்பி என்பது இதுவே. நம் நாட்டில் புனே நகரின் டாக்டர் சதீஷ்சந்திர கோர், யூங்குடன் இணைந்து, விழித்திருக்கும் நோயாளிக்கு அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து இம்முறையில் சிகிச்சை அளிப்பதைப் பற்றி 2014-இல் கட்டுரை வெளியிட்டார்.

செய்முறை இதுதான். நோயாளி குப்புறப் படுக்கிறார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மருத்துவர் ஊசியைச் செலுத்தி இடத்தைக் குறிக்கிறார். ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அளவில் தோலைக் கீறி, பென்சில் பருமனுள்ள குழாயைப் படிப்படியாக உள்ளே நுழைக்கிறார். தசைகள் வெட்டப்படுவதில்லை, விலகி வழிவிடுகின்றன. உப்புநீர் இடைவிடாது ஓடி இரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருக்க, உள்ளிருக்கும் காட்சி பெரிதாகத் திரையில் தெரிகிறது. சிறு துரப்பணத்தால் புடைத்த எலும்பைத் தேய்த்து, சிறு இடுக்கியால் தடித்த நாணையோ பிதுங்கிய வட்டையோ எடுத்து, நரம்பு தாராளமாக அசைவதைக் கண்ணால் கண்ட பின்பே கருவியை வெளியே எடுக்கிறார்.

நுழையும் வழி இரண்டு. இடுப்பின் பக்கவாட்டிலிருந்து, நரம்பு வெளியேறும் துளையின் ஊடாகச் செல்வது ஒன்று. இதனைப் பெரும்பாலும் முழு மயக்கம் இல்லாமலே செய்துவிடலாம். பின்புறமாக இரு எலும்பு வளைவுகளுக்கு இடையே நுழைவது மற்றொன்று. நடுக்குழாய் பெரிதும் குறுகியிருந்தால் இந்த வழியே ஏற்றது. இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கமோ முதுகில் ஊசியிட்டு மரக்கச்செய்தலோ தேவைப்படும். ஒரு துளையில் காமிராவும் மற்றொரு துளையில் கருவியுமாக இரு துளைகளால் செய்யும் முறையைக் கொரிய மருத்துவர்கள் வெகுவாக வளர்த்திருக்கிறார்கள்.

என் உம்மாவுக்கு 2023-இல் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் பக்கவாட்டு முறையில் செய்தார்கள். அப்போது வயது 72. நீரிழிவும் இருதயக் கோளாறும் உண்டு. முழு மயக்கம் கொடுப்பதில் ஆபத்து கூடுதல் என்று இருதய மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், அந்தப் பேச்சே வேண்டாம் என்று நாங்கள் ஒதுங்கியிருந்தோம். விழித்திருக்கும்போதே செய்யலாம் என்பதுதான் எங்களுக்கு வாயிலைத் திறந்தது. உம்மா பிறகு சொன்னார்கள்: "காலில் என்ன தெரிகிறது உம்மா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் திக்ரு செய்துகொண்டே பதில் சொன்னேன். ஒருமுறை காலில் மின்னல் மாதிரி ஓடியது, சொன்னேன், உடனே கையை நிறுத்திவிட்டார்." விழித்திருக்கும் நோயாளியின் நாவே அங்கே நரம்பின் காவலன்.

அன்று மாலையே எழுந்து நடந்தார்கள். காலில் இறங்கும் வலி போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். பெருவிரலின் மரத்த உணர்வு மட்டும் பல மாதங்கள் நீடித்தது. இடுப்பில் எப்போதாவது வரும் பழைய வலி இன்றும் உண்டு. கால் வலிக்காகச் செய்த சிகிச்சை கால் வலியை நீக்கியது, இடுப்பை இளமையாக்கவில்லை. இதை முன்னரே தெளிவாகச் சொல்லியிருந்த மருத்துவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். மூன்றாம் மாதம் கைத்தடியுடன் சரிவில் இறங்கிச் சகோதரியின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார்கள்.

துளை சிறிதாயிருப்பதே போதுமா?

இதைப் படித்ததும், "நாளைக்கே நம் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலாவது, ஸ்கேன் படம் நோயாளி ஆகாது. 1990-இல் அமெரிக்காவில் ஒருநாளும் முதுகுவலியோ காலில் இறங்கும் வலியோ கண்டிராத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களில் 57 விழுக்காட்டினருக்குப் படத்தில் கோளாறு தெரிந்தது. ஆக, பெரியவர்களின் முதுகைப் படம் எடுத்தால் ஏதேனும் ஒன்று தெரிவது அரிதன்று. அதுவே வலிக்குக் காரணமா என்பதுதான் கேள்வி. எங்கள் உறவினர் ஒருவரிடம் படத்தை மட்டும் பார்த்து, "உடனே அறுவை" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். வேறொரு மருத்துவர் பாதத்தைத் தொட்டுச் சோதித்து, எரிச்சலுக்குக் காரணம் கட்டுக்கடங்காத நீரிழிவு என்றார். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் எரிச்சலும் குறைந்தது. நோயாளியின் சொல்லும், மருத்துவரின் கை அறிந்ததும், படமும் ஆகிய மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டாவது, பலருக்கு அறுவையே தேவைப்படாது. இந்நோய் எல்லாருக்கும் நாளுக்குநாள் முற்றுவதன்று. பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் நிற்கிறது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவைக்கு இசைந்த 169 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு அறுவையும் மற்றவருக்கு முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையும் அளித்தார்கள். இரண்டாண்டு முடிவில் இரு கூறினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு செய்தியை மறைக்கலாகாது: பயிற்சிக் கூறில் இருந்தோருள் 57 விழுக்காட்டினர் இடையிலேயே அறுவைக்கு மாறிவிட்டனர். பயிற்சி பலருக்குப் போதும். எல்லாருக்கும் போதாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். உம்மாவும் ஆறு மாதம் பயிற்சி செய்தபின்புதான், நடை தேறவில்லை என்று கண்டு, அறுவைக்கு இசைந்தார்கள்.

மூன்றாவது, வெட்டின் அளவு மட்டுமே பலனை நிர்ணயிப்பதில்லை. கங்கா மருத்துவமனையில் குழாய்ச் சுருக்கமுள்ள 51 நோயாளிகளுக்கு, தசையைப் பிரிக்காமல் முதுகு முள்ளெலும்பை நடுவே பிளந்து நரம்பை விடுவிக்கும் முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். இரண்டின் பலனும் ஒத்திருந்தது. 2022-இல் நார்வே நாட்டில் 437 நோயாளிகளிடம் மூன்று சிறுவெட்டு முறைகளை ஒப்பிட்டபோதும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டு ஹாலந்து நாட்டில் இடைவட்டுப் பிதுங்கலால் காலில் வலி இறங்கிய 613 பேரைக் கொண்டு செய்த ஆய்வு, பக்கவாட்டு அகநோக்கி முறை வழக்கமான நுண்அறுவைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. அவர்களுள் பெரும்பாலோர் நடுத்தர வயதினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் சொல்வது ஒன்றுதான். நரம்பு முழுமையாக விடுபட வேண்டும். எந்த வழியாக என்பது அதற்கு அடுத்தது. சிறு துளையின் சிறப்பு, தசை காக்கப்படுவது, இரத்தம் குறைவாகப் போவது, விரைந்து எழுந்து நடப்பது ஆகியன. இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்த முதியவருக்கு அவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும், துளை சிறிதென்பதற்காக நசுக்கத்தில் பாதியை விட்டுவிட்டு வந்தால் பயன் என்ன?

நான்காவது, ஆணியும் தகடும் பொருத்த வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். 2016-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 50 முதல் 80 வயது வரையுள்ள 247 பேரைக் கொண்டு, நரம்பை விடுவிப்பது மட்டும், அதனுடன் எலும்புகளை இணைப்பது ஆகிய இரண்டையும் ஒப்பிட்டார்கள். இணைத்ததனால் இரண்டாண்டிலும் கூடுதல் பயன் தெரியவில்லை; செலவும் இரத்தப்போக்கும் கூடின. எலும்புகள் நிலைகுலைந்து ஆடுபவருக்கும், முதுகு பெரிதும் கோணியவருக்கும் இணைப்பு தேவைப்படலாம். அத்தகையோருக்குச் சிறு துளை முறை மட்டும் போதாமலும் போகலாம். எவருக்கு எது என்பதை மருத்துவர் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். மதரஸாவில் கேள்வி கேட்கும் பிள்ளைதான் பாடத்தைப் புரிந்துகொள்கிறது. பணிவோடு கேளுங்கள். எந்த இடத்தில் எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது? என் பெரியவரின் வலியும் அந்த நரம்பின் வழியும் பொருந்துகின்றனவா? அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்? கால் வலி, இடுப்பு வலி, மரத்த உணர்வு ஆகியவற்றுள் எது குறையும் என்று எதிர்பார்க்கலாம்? மயக்கம் எத்தகையது? இந்த முறையைத் தாங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மிக இன்றியமையாதது. அகநோக்கி வழியே பார்த்துக் கைத்தொழில் பழகுவதற்கு நெடுங்காலம் ஆகும் என்று மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது.

ஆபத்துகளையும் கேட்டறியுங்கள். நரம்பைச் சூழ்ந்த உறை கிழியலாம், நரம்பு எரிச்சலுற்றுச் சில வாரங்கள் காலில் காந்தல் இருக்கலாம், நசுக்கம் எஞ்சலாம், ஆண்டுகள் கழித்து அதே இடத்திலோ வேறிடத்திலோ திரும்ப வரலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர்கள் அதை மறவாமல் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உண்பது முதியவரின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் பெருங்கேடு. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தம் சிகிச்சை அடங்குமா என்பதை மருத்துவமனையிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் மாவட்டத்தார் ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம்.

அறுவைக்குப் பின் உடனே ஸுஜூதுக்குப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சில வாரங்கள் ஆழமாகக் குனிவதையும் கனம் தூக்குவதையும் மருத்துவர்கள் விலக்குவதுண்டு. நிற்க இயலாதவருக்கு உட்கார்ந்தும், அதுவும் இயலாதவருக்குப் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அந்தச் சலுகை நோயாளிக்கு உரியது. குணமடைந்த பின் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆவலும் அவருக்கு உரியது. எந்த நாளில் எந்த அசைவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இனி, காத்திருக்கவே கூடாத அடையாளங்கள் சில உண்டு. சிறுநீர் திடீரென்று பிரியாமல் நின்றாலும், அறியாமல் கசிந்தாலும், மலத்தை அடக்க முடியாமற் போனாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும், கால்கள் இரண்டும் விரைந்து வலுவிழந்தாலும் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குதிரைவால் நரம்புக்கற்றை முழுவதும் நசுங்கியதன் அடையாளம் அது. தாமதித்தால் இழந்தது திரும்பாமலே போய்விடக்கூடும். பாதம் தொங்கி நடக்கும்போது செருப்பு நழுவுமானாலும் காலம் தாழ்த்தலாகாது. முதுகுவலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால், காசநோயும் புற்றுநோயும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கூச்சத்தினால் நம் தாய்மார்கள் சிறுநீர்க் கோளாற்றை மறைப்பார்கள். மகள்களும் மருமகள்களும் தனிமையில் அன்போடு விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

சகோதர சகோதரிகளே! பெற்றோருக்கு உபகாரம் செய்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்களுக்கு வேளைக்கு உணவும் பெருநாளைக்குப் புத்தாடையும் தருகிறோம். இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் சென்ற ஆண்டு நடந்து சென்ற இடங்களுள் எந்த இடத்துக்கு இந்த ஆண்டு போவதில்லை? வழியில் எங்கே நின்று, எதைப் பிடித்துக்கொண்டு குனிகிறார்? இதனைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு செய்திகளும் அவருக்குப் பெரிதும் உதவும். அதன்பின் பயிற்சியோ மருந்தோ சிறு துளையோ, எது தேவையோ அதை நிதானமாக முடிவு செய்யலாம். குணம் அளிப்பவன் இறைவன். கேட்டறிவதும் முயல்வதும் நம்மேல் உள்ள கடமை.